அண்டா அவர்களுடையதுதான்

அத்தியாயம் 12

குமுதா டீச்சரின் வகுப்பில் வெண்பலகையின் இடது ஓரத்தில் எப்போதும் நான்கு கேள்விகள் இருக்கும். அவற்றை யாரும் அழிக்கக் கூடாது. யார் சொன்னது? எப்போது சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? படம் இருந்தால், அது எதைக் காட்டவில்லை?

கைப்பேசியில் எது வந்தாலும் இந்த நான்கையும் கேட்ட பிறகுதான் நம்ப வேண்டும், அதன் பிறகுதான் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கெலுகோரில் அந்த இடைநிலைப்பள்ளியில் தமிழ் படிக்கும் நான்காம் படிவ மாணவர்கள் பதினேழு பேருக்கும் இது மனப்பாடம். பப்பாளி இலைச் சாறு குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும், ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் டோல் கிடையாது என்று வந்த எத்தனையோ செய்திகள் இந்த வகுப்பில் மூக்குடைபட்டுத் திரும்பியிருக்கின்றன.

சொல்லிக்கொடுப்பதில் குமுதாவை மிஞ்ச ஆளில்லை. நடந்துகொண்டதில்தான் கோளாறு. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அந்தக் கதைதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகப் போன தைப்பூசத்தில் நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். குமுதாவின் தம்பி புவனேஸ்வரன் அப்போது கேட்டரிங் நடத்திக்கொண்டிருந்தான். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் பந்தல் போட்டு, காவடி எடுப்பவர்களுக்கும் உடன் வருபவர்களுக்கும் சைவ நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும், கொடுத்தான். மதியத்துக்கு மேல் ஒரு படம் ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தது. படத்தில் சம்பல் இருந்த அண்டா. அதை ஒட்டினாற்போல், பெலாச்சான் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த அட்டைப்பெட்டி. பெலாச்சான் என்பது இறாலை அரைத்துச் செய்வது. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவர்களுக்கு அதைப் போட்டான் என்றால் ஊர் சும்மா விடுமா?

பெட்டிக்குள் இருந்தவை காகிதக் குவளைகள். ராமசாமியின் மளிகைக் கடையில் கேட்டு வாங்கிவந்த காலிப் பெட்டி அது. புவனேஸ்வரன் தொண்டை வற்றும்வரை சொல்லிப் பார்த்தான், யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றே மாதத்தில் கல்யாண ஆர்டர், காதுகுத்து ஆர்டர் எல்லாம் நின்றுபோயின. வேனை விற்றுவிட்டு, பாலம் தாண்டி மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் போய்ச் சேர்ந்தான்.

அந்தப் படத்தை வெள்ளிக்கிழமைப் பஜனைக் குழுவின் வாட்சாப்பில் போட்டவள் குமுதா. போட்டதோடு நிற்காமல் கீழே ஒரு வரியும் எழுதினாள். மறுநாள் காலையில் அழித்தும்விட்டாள். இது நமக்குத் தெரியும், அவள் கணவன் லோகேஸ்வரனுக்குத் தெரியும். தம்பி வீட்டில்தான் இன்றுவரை தெரியாது.

பலகையில் இருக்கும் அந்த நான்கு கேள்விகளும் அதற்குப் பிறகு வந்தவை. பாவத்தைக் கழுவ ஆளுக்கொரு வழி. சிலர் அன்னதானம் செய்வார்கள், குமுதா பாடம் நடத்தினாள்.

போன வாரம், ஆளுக்கொரு செய்தியை எடுத்து அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடி வரச் சொன்னபோது, ஷர்மினி எழுந்து நின்று எங்கள் அப்பாவைப் பற்றி வந்த செய்தியை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஷர்மினி புவனேஸ்வரனின் மகள். பள்ளியில் டீச்சர், வீட்டில் அத்தை என்று பிசகாமல் மாற்றிக் கூப்பிடுகிற கெட்டிக்காரி. தைப்பூசத்திலிருந்தே அந்தச் செய்தியை அவள் தோண்டிக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் குமுதாவுக்குத் தெரிந்தது. இன்று புதன்கிழமை. கண்டுபிடித்ததை வகுப்பில் சொல்ல வேண்டிய நாள்.

மஞ்சள் மணிலா அட்டை ஒன்றைப் பலகையில் ஒட்டினாள் ஷர்மினி. அட்டை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், கீழே மணி. முப்பத்தொரு பேரிடம் கேட்டிருக்கிறாள். உங்களுக்கு யார் அனுப்பியது என்று ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன ஆளிடம் போய் அதையே கேட்டு, இப்படியே பின்னால் நடந்து வந்திருக்கிறாள்.

“படம் பொய் இல்ல டீச்சர்,” என்று தொடங்கினாள். “அண்டா எங்களோடது. பெட்டியும் எங்க பந்தல்ல இருந்ததுதான். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் படம் காட்டல.”

நான்காவது கேள்வி என்று யாரோ முணுமுணுத்தார்கள். குமுதா தலையாட்டினாள். மேசை விளிம்பை அவள் பிடித்துக்கொண்டு நின்றதை மாணவர்கள் கவனிக்கவில்லை.

“ஆனா நான் கேட்டவங்கள்ல பாதிப் பேர் படத்தைப் பார்த்து நம்பலயாம். ‘பெட்டிதானே, எங்கயோ எடுத்தது’ன்னு விட்டிருப்பாங்களாம். கூடவே ஒரு வரி இருந்துச்சு. அதப் பார்த்துதான் நம்பினாங்களாம்.” அட்டையின் நடுவில் சிவப்பு மையில் எழுதியிருந்ததைத் தொட்டுக் காட்டி வாசித்தாள். “அண்டா அவங்களோடதுதான். எனக்கு நல்லாத் தெரியும்.”

எட்டு மாதம் கழித்துத் தன் வாக்கியத்தைத் தானே காதால் கேட்டாள் குமுதா. அன்று எழுதும்போது அது ஒரு பெரிய பொய்யாக அவளுக்குத் தோன்றவில்லை. அண்டாவின் விலாவில் இருந்த ஒடுக்கு அவளுக்குத் தெரியும். மின்தூக்கிக் கதவில் இடித்து அது ஒடுங்கியபோது மறுபக்கம் பிடித்திருந்தவளே அவள்தான். அண்டாவைத் தெரியும் என்பதால் அண்டாவுக்குள் இருப்பதும் தெரியும் என்று ஆகிவிட்டது. எவ்வளவு பெரிய மடத்தனம் என்று இப்போது நினைத்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கும் நிருபன் கை தூக்கினான். “ஒடனே அடையாளம் தெரியுதுன்னா, அது உங்க வீட்டு ஆளுதான் லா.”

வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. ஷர்மினி அவனை முறைக்கவில்லை.

“நானும் அப்படித்தான் யோசிச்சேன். ஆனா எங்க வீட்டு ஆளுங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க.”

வேறு எந்த மாணவி இதைச் சொல்லியிருந்தாலும் குமுதா அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பாள். அது உன் நம்பிக்கை, ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பாள். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறாள். இன்று வாய் வரவில்லை. தன்னை நம்புகிறவளைப் பார்த்து, நம்பாதே என்று எப்படிச் சொல்வது?

ஷர்மினி முடித்தாள். அம்புகள் எல்லாம் பஜனைக் குழுவில் வந்து நிற்கின்றன. தைப்பூசத்தன்று மதியம் இரண்டு நாற்பதுக்கு அங்கே வந்த செய்தி அழிக்கப்பட்டிருக்கிறது, யார் போட்டது என்று கேட்டால் குழுவில் எல்லோரும் ஞாபகமில்லை என்று நழுவுகிறார்கள். ஆனால் குழுவில் இருக்கும் வள்ளியம்மா ஆன்ட்டி அன்றைக்கே அதைப் படமெடுத்து வைத்திருந்தாராம். அந்தப் பழைய போன் உடைந்து கடையில் கிடக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சரியாகிவிடும், வந்து பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அட்டையின் இடது கோடியில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

மணி அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள், டீச்சரும் தட்டினாள்.

இடைவேளையில் கணவனுக்குப் போன் செய்தாள். லோகேஸ்வரன் ஜுருவில் கார் விற்கும் இடத்தில் வேலை பார்ப்பவன், வாய்ச்சாலக்காரன், எந்த ஓட்டைக் காரையும் தள்ளிவிடுவான். இன்று அவனுக்கே பேச்சு தடுமாறியது. எட்டு மாதமாகிவிட்டது, எவன் ஞாபகம் வைத்திருப்பான், உடைந்த போன் சரியாகும் என்று என்ன நிச்சயம், பேசாமல் இரு என்றான். பிறகு, அதில் படமும் இருக்குமா என்று கேட்டான். இருக்கும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான். அவளுக்கு இருந்த கலக்கத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளி முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு பாலம் ஏறினாள். ஆறு மணிக்கு முன்னால் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும். பிள்ளை வாயால் அவனுக்குத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் இப்போது அவளால் செய்ய முடிந்த நல்ல காரியம், அதுவும் காலம் கடந்த நல்ல காரியம்.

மாக் மண்டினில் மூன்று மணி ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். நீலச் சட்டையில் புவனேஸ்வரனை அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் பயந்துபோய், மாமாவுக்கு ஏதாவதா என்று கேட்டான். ஒன்றுமில்லை, தேத்தண்ணி குடிக்கலாம் என்று எதிர்க் கடைக்குக் கூட்டிப்போனாள்.

அவளுக்குப் பால் கலந்த தே தாரிக்கும் தனக்குப் பாலும் சீனியும் இல்லாத தே ஓவும் சொன்னான். ஐந்நூறு பேருக்குப் பந்தி வைத்தவன், இங்கே கேண்டீனில் சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை என்று சிரித்தான். குமுதாவால் சிரிக்க முடியவில்லை. எப்படித் தொடங்குவது என்று கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனே தொடங்கிவிட்டான்.

ஷர்மினி தேடித் திரிவது அவனுக்குப் பிடிக்கவில்லையாம். கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? யார் போட்டால் என்ன, பெட்டி அங்கே இருந்தது உண்மைதானே. அந்தப் பெட்டியை எடுத்து வந்தவள் அவன் மனைவி சாந்தினி. வேறு பெட்டியே கிடைக்கவில்லையா, எழுதியிருப்பதைப் படிக்கக்கூடவா தெரியாது என்று அன்றைக்குப் பந்தலிலேயே பலர் முன்னால் கத்திவிட்டான். அதன் பிறகும் விடவில்லை. ஆர்டர் ஒன்று நின்றுபோகும்போதெல்லாம் சொல்லிக்காட்டினான்.

“எட்டு மாசமா நான் அவகூட ஒழுங்கா பேசறதில்லக்கா. அவளும் ஒண்ணும் கேக்கறதில்ல. சோறு போட்டு வச்சிட்டு அந்தப் பக்கம் போயிடுவா.” தே ஓவைக் கலக்க ஒன்றுமில்லாமலே கலக்கினான். “நீ ஒருத்திதான் அந்த குரூப்ல எங்களுக்காகப் பேசினியாம். அவளே சொன்னா.”

பேசியது உண்மைதான். செய்தியை அழித்த மூன்றாம் நாள், பெட்டியில் இருந்தது குவளைதான், என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று குழுவில் நீளமாக எழுதினாள். சொந்த அக்கா அப்படித்தானே சொல்வாள் என்று ஒருவரும் அதை நம்பவில்லை. பழி சொன்னபோது நம்பிய அதே ஊர்தான்.

“புவா, அந்தப் படத்தை குரூப்ல போட்டது நான்தான்.”

அவனுக்கு உடனே புரியவில்லை. எந்தப் படம் என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த வரியையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாலையில் போகும் லாரிகளைப் பார்த்தபடி கேட்டான்.

“நீ எழுதினத மறுநாளே அழிச்சிட்டக்கா. நான் அவளப் பேசினத எதுல போய் அழிக்கறது?”

குமுதாவுக்கு அங்கேயே அழுகை வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து, தேத்தண்ணிக்குக் காசு கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வா, அவர்களிடம் நீயே சொல் என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பாலத்தில் அவன் மோட்டார் சைக்கிள் ஓரமாக முன்னால் போக, அவள் காரைப் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தும் அவள் முந்தவில்லை.

ஏன் எழுதினாய் என்று தம்பி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கரண்டிக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். தைப்பூசத்தன்று காலையில் பந்தலுக்குப் போய், சம்பல் பரிமாறக் கரண்டியை எடுத்தாள் குமுதா. விரதம் முழுசா இருந்தவங்க மட்டும் தொட்டா போதும் அண்ணி, நீங்க மூணு நாள்தானே என்றாள் சாந்தினி. சாந்தினி சாதாரணமாகத்தான் சொன்னாள், அது அவர்கள் பந்தலின் வழக்கமும்கூட. ஆனால் வரிசையில் நின்றவர்கள் காதில் விழுந்துவிட்டது. மூத்தவளை, ஒரு டீச்சரை, எல்லோர் முன்னாலும் கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டாள். அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்தவளுக்கு மதியம் படம் வந்தது. பார்த்த மாத்திரத்தில் அவள் மனத்துக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அவ்வளவு சுத்தம் பேசினாயே என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம்தான் வரியை எழுதியது. இதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

கெலுகோர் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. கூடத்துத் தரையில் மணிலா அட்டையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஷர்மினி. சமையலறை வாசலில் சாந்தினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த அண்டா, ஒடுக்கு சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க, பழைய துணி போட்டு வைத்திருந்தார்கள். மணி ஐந்தே கால்.

குமுதா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை.

ஷர்மினி அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். “யாரையோ காப்பாத்தறதுக்காக நீங்க பழிய ஏத்துக்கறீங்க அத்தை.”

“இல்லம்மா.”

“ஆதாரம்?”

குற்றவாளி தன் குற்றத்தைத் தானே நிரூபிக்க வேண்டியிருந்தது. பாடம் நடத்தியவளுக்கு இதுவும் வேண்டும்தான். குமுதா கைப்பேசியை எடுத்தாள். குழுவில் போட்டதை அழித்துவிட்டாள், ஆனால் தனக்கு வந்ததை அழிக்கத் தோன்றவில்லை. கணவனோடு பேசிய பக்கத்தைத் திறந்து மேலே மேலே தள்ளி, தைப்பூசத்தன்று மதியம் வந்த படத்தைக் காட்டினாள். இரண்டு முப்பத்தாறு, குழுவில் வந்ததற்கு நான்கு நிமிடம் முன்பு. அதற்குக் கீழே, இது புவா அண்டாதானே என்று அவள் லோகேஸ்வரனைக் கேட்டிருந்த கேள்வி. ஷர்மினியின் முகம் மாறியது. வெகு சீக்கிரத்தில் அந்த முகத்துக்கு வயது கூடியதைக் குமுதா கண்ணால் பார்த்தாள். வாழ்நாளுக்கும் அது போதும்.

பெண் பென்சிலை எடுத்தாள். காலிக் கட்டத்தில் ‘அத்தை’ என்று எழுதினாள். பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய அட்டை, ‘டீச்சர்’ என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பிறகு, முப்பத்தொரு பேரிடம் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

“உங்களுக்கு யாரு அனுப்பினது?”

“மாமா. அவருக்கு ஏதோ குரூப்ல வந்துச்சாம்.”

“எந்த குரூப்?”

குமுதாவுக்குத் தெரியவில்லை. அன்று கேட்கவில்லை, இந்த எட்டு மாதத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. பலகையில் முதலாவதாக எழுதி வைத்திருக்கும் கேள்வியை வீட்டில் ஒரே ஒரு முறைகூட அவள் கேட்டதில்லை.

ஷர்மினி கைப்பேசியை வாங்கிப் படத்தின் மேல் ஓரத்தைப் பார்த்தாள். “எங்கயாச்சும் வந்தத அப்படியே தள்ளிவிட்டா மேல ஃபார்வர்டட்னு காட்டும் அத்தை. நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. இதுல அது இல்ல.” அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “மாமா அன்னிக்கு எங்க இருந்தாரு?”

புவனேஸ்வரன் திரும்பி அண்டாவைப் பார்த்தான். “பந்தலுக்குள்ளதான்,” என்றான். “மோர் ஊத்திக்கிட்டு இருந்தாரு. அண்டாவுக்குப் பக்கத்துல.”

அவன் மனைவியைப் பார்த்தான். சொல்ல வேண்டியது அவனிடம் நிறைய இருந்தது. எட்டு மாதம் பேசாதவனுக்கு எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. சாந்தினி அவனைப் பார்க்கவில்லை. ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து வந்து குமுதாவின் எதிரில் நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

“அந்தக் கரண்டிக்காகவா அண்ணி?”

இல்லை என்று சொல்லக் குமுதாவுக்கு ஆயிரம் வழி இருந்தது. ஊர் நன்மைக்காக, விரதக்காரர்களுக்காக, அறியாமல் செய்துவிட்டேன். எல்லாமே நாக்கு நுனியில் வந்து நின்றன. ஷர்மினி பென்சிலோடு காத்திருந்தாள். அவள் கையில் இருந்த குமுதாவின் கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது. லோகேஸ்வரன். யாரும் எடுக்கவில்லை.

“ஆமா சாந்தினி,” என்றாள் குமுதா. “கரண்டிக்காகத்தான்.”